ஓடையின் ஏழு நாள்

அந்தச் சேலையை வரைந்தபோது நாகஜோதிக்கு யாரையும் காட்டிக்கொடுக்கும் எண்ணம் இல்லை.

வேலம்பாளையத்தில் அவள் குடியிருந்த வீட்டு மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் ஓடை தெரியும். ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு சாயப்பட்டறையின் மதில். திங்கட்கிழமை கத்திரிப்பூ நிறத்தில் ஓடும் தண்ணீர் செவ்வாயன்று பாசிப்பச்சையாகிவிடும். கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில் வளர்ந்தவளுக்கு அது பார்க்கப் பார்க்க அலுக்கவில்லை. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை முடிந்து வந்ததும், வெள்ளைப் பட்டுத்துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, அன்றைய தண்ணீரை அன்றே தீட்டிவிடுவாள். ஈரம் காயும் முன் கல்லுப்பைத் தூவினால், சாயம் உப்பைச் சுற்றி நுரை நுரையாகப் பிரியும். ஒரே சேலையில் ஏழு நாளைக்கு ஏழு தண்ணீர். முந்தானையில் மதில், அதன் அடியில் வாய் உடைந்த குழாய், பக்கத்தில் சாய்ந்த வேப்பமரம். சேலைக் கரை நெடுகப் பொடி எழுத்தில் தேதிகள்.

அவள் வரைந்த பட்டுச் சேலைகளை வாங்கி விற்கிற சித்ராதேவிக்கு இதை மட்டும் விற்க மனம் வரவில்லை. தானே உடுத்திக்கொண்டு ஒரு துணிக் கண்காட்சிக்குப் போனார். யாரோ படம் எடுத்தார்கள். மூன்றே நாளில் அது செல்போன் செல்போனாகச் சுற்றியது. படத்தில் இருந்த மதிலைப் பார்த்தவர்களுக்கு எந்தப் பட்டறை என்று தெரிந்துவிட்டது; கழிவுநீரை ஒரு சொட்டுக்கூட வெளியே விடுவதில்லை என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருந்த பட்டறை அது. நாகஜோதியின் கணவன் இசக்கிமுத்து அங்கேதான் பாய்லர் பார்த்துக்கொண்டிருந்தான்.

வியாழக்கிழமை பனியன் கம்பெனியில் சரக்கு இல்லை. அவள் வீட்டில் இருந்தாள். பதினோரு மணிக்கு வாசலில் ஒருவர் வந்து நின்றார்.

"இசக்கிமுத்து ஊடு இதுதானுங்களா?"

பட்டறை மானேஜர் ரத்தினசாமி. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"படம் பாத்தனுங்க அம்மிணி. நீங்க பட்டுல வரையறது பட்டறையில எல்லாருக்கும் தெரியுமுங்களே. அப்படியே தத்ரூபமா இருக்குது. எங்க உக்காந்து வரைவீங்க?"

அவள் மாடிக்குக் கூட்டிப்போனாள். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர் செல்போனில் இருந்த படத்தையும் மதிலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தேதியெல்லாம் எதுக்குங்க போட்டீங்க?"

"சும்மாதான் சார்."

"சும்மாங்களா." சிரித்தார். "அந்தச் சேலைய வாங்கிட்டு வந்து குடுத்துருங்க. யாராச்சும் கேட்டா, மனசுல தோணுனத வரைஞ்சேன்னு சொல்லிப்போடுங்க. எல்லாருக்கும் பொழப்பு ஓடோணுமுங்களே."

நாகஜோதி தலையை ஆட்டினாள். படியிறங்கும்போது, மறந்துபோனதைச் சொல்கிறவர் மாதிரி அவர் சொன்னார்:

"இசக்கிமுத்துவ இன்னைக்குக் கழிவுத் தொட்டி கழுவ எறக்கியிருக்கறனுங்க. நல்ல வேலைக்காரன். பாத்து இருந்துக்கோணும்."

அவர் வண்டி கிளம்பியது. போன வருஷம் வேறொரு பட்டறைத் தொட்டியில் இறங்கிய இரண்டு பேரை விஷவாயு அடித்துப் பிணமாகத்தான் தூக்கினார்கள். கணவனுக்குப் போன் போட்டாள். அணைத்து வைத்திருந்தது. திரும்பத் திரும்பப் போட்டாள். பிறகு ஓடினாள். மாடியிலிருந்து கைக்கெட்டுவது போலத் தெரிகிற மதில்தான். ஆனால் வாசலுக்குப் போகப் பாலத்தைச் சுற்றி ஒரு மைல் போகவேண்டும். பாலத்தின் மேல் சாய நெடி அடித்தபோது முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினாள்.

"உள்ள உட முடியாதுங்க," என்றார் பட்டறை வாசலில் நின்ற வாட்ச்மேன் சின்னான்.

"எங்க வீட்டுக்காரவுக தொட்டிக்குள்ள எறங்கியிருக்காவ அண்ணே. கண்ணால ஒரு தடவ பாத்துட்டுப் போயிருதேன்."

சின்னான் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். வெகுநேரம் ஆளைக் காணோம். உள்ளேயிருந்து யாரோ இந்தியில் கத்துவது கேட்டது. நாலைந்து பேர் ஓடினார்கள். அவள் கேட்டுக் கம்பிக்குள் முகத்தை வைத்து எட்டிப் பார்த்தாள். முருகா, முருகா என்பதைத் தவிர அவளுக்குள் ஒரு சொல்லும் இல்லை.

இசக்கிமுத்து தானாக நடந்து வந்தான். இடுப்புவரை கருஞ்சேறு. கண் இரண்டும் மிளகாய்ப்பழம். மதிலோரம் குனிந்து வாந்தி எடுத்தான்.

"ஒண்ணுமில்ல பிள்ள. கூட எறங்குன வடக்கத்தியாருதான் மயங்கிட்டாரு. தூக்கி வெளிய போட்டாச்சு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறாவ." வாயைத் துடைத்தான். "நாளைக்கும் எறங்கணுமாம்."

தெருக்குழாயில் அவன் சேற்றைக் கழுவும்போது அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"சேலையக் குடுத்துட்டா என்னைய எறக்க மாட்டாவளா?"

"அப்படித்தான் தெரியுது."

அவன் குழாயை மூடினான். "அப்போ வேற ஒருத்தன் எறங்குவான்."

இருவரும் நேரே சித்ராதேவி வீட்டுக்குப் போனார்கள். நடந்ததைக் கேட்டதும் அவர் சேலையை எடுத்து வந்து மேசைமேல் வைத்தார்.

"மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிங்க போன் பண்ணி, வரைஞ்சது யாருன்னு கேட்டாங்க. உங்க பேர நான் சொல்லலீங்க நாகஜோதி. வேணும்னா இப்பவே எடுத்துட்டுப் போயிருங்க. உங்க இஷ்டமுங்க."

நாகஜோதி பட்டின்மேல் கை வைத்தாள்.

"பேரச் சொல்லிருங்கக்கா. பாத்ததத்தான் வரைஞ்சேன்."

சொல்லிவிட்டால் பயம் தீரும் என்று நினைத்திருந்தாள். தீரவில்லை, கூடியது. அன்று மாலையே வீட்டைப் பூட்டிவிட்டு, காங்கேயத்தில் இருந்த இசக்கிமுத்துவின் சித்தப்பா மகன் வீட்டுக்குப் பஸ் ஏறினார்கள். பஸ்ஸில் பின்சீட்டுக்காரர் இருமினால்கூட அவள் திரும்பிப் பார்த்தாள்.

ஒன்பதாம் நாள் அதிகாரிகள் பட்டறைக்கு வந்தார்கள். வேப்பமரத்தடியில், சேலையில் குழாய் இருந்த அதே இடத்தில், புது சிமெண்ட் பூசியிருந்தது. உடைத்ததும் கத்திரிப்பூ நிறத்தில் தண்ணீர் பீறிட்டதாம். பட்டறைக்குச் சீல் வைத்தார்கள். மயங்கியவர் பிழைத்து ஊருக்குப் போய்விட்டார். இசக்கிமுத்துவுக்குக் காங்கேயத்திலேயே ஒரு தேங்காயெண்ணெய் மில்லில் வேலை கிடைத்தது.

பழைய பக்கத்து வீட்டுக்காரி பிரிசில்லா ஒருநாள் போன் செய்தாள். அவள் கணவனுக்கும் அதே பட்டறையில்தான் வேலை.

"ஒரு சேலையால எத்தன குடும்பத்துக்கு வேலை போச்சு தெரியுமாக்கா?"

"உன் வீட்டுக்காரரு இப்ப எங்க இருக்காரு?" என்று கேட்டாள் நாகஜோதி.

"இங்கனதான். படுத்து ஒறங்குதாரு."

பிரிசில்லா போனை அவன் பக்கம் நீட்டியிருக்கவேண்டும், மூச்சு இழுத்து விடும் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் போனை வைக்காமல் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.