மாமியாரின் ஓட்டில் மூன்று வெட்டு

அவளுடைய கணவர் ஆமை பார்த்தவர். நன்னீர் உயிரின ஆய்வகத்தில் ஆராய்ச்சியாளர் என்று சொன்னால் கேட்கிறவர்களுக்கு மரியாதையாக இருக்கும். ஆனால் அவர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. என்ன வேலை என்று யாராவது கேட்டால் “ஆமை பாக்குறேன்” என்பார். அதற்கு மேல் யாரும் கேட்டதுமில்லை. “பல் பிடுங்குற பொண்டாட்டி இருக்கா, பாவம் இவருக்கென்ன” என்று உறவுக்குள் ஒரு பேச்சு உண்டு.

ஊருக்கு வெளியே ஒரு கைவிட்ட கல்குவாரி. மழைத்தண்ணீர் தேங்கித் தேங்கி, ஓரமெல்லாம் நாணல் முளைத்து, குளமாகிவிட்டது. அதில்தான் வருடக்கணக்காக இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார். தண்ணீர் நல்ல தண்ணீர் இல்லை. முழுநீள ரப்பர் பூட்ஸ் வேண்டும் என்று ஆய்வகத்துக்கு எழுதிக் கேட்டுக்கொண்டே இருந்தார். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்துகொண்டே இருந்தது. ஒருநாள் எலிக்காய்ச்சல் வந்தது. அவர் போனார். பிறகு பூட்ஸ் வந்தது.

அந்தப் பூட்ஸை இயக்குநரின் அறையில்தான் அவள் முதன்முதலாகப் பார்த்தாள். கண்ணாடி அலமாரிக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல், புதுமாப்பிள்ளை மாதிரி விறைப்பாக நின்றது.

“உக்காருங்க மேடம். சந்தோஷமான விஷயம். அதான் நேர்ல வரச் சொன்னேன்” என்றார் இயக்குநர்.

இயக்குநர் மீன்காரர். மீன் செதில்களின் விளிம்பைப் பற்றி இளவயதில் எழுதிய ஒரு கட்டுரையின் முதுகில் ஏறி, படிப்படியாக இந்த நாற்காலி வரைக்கும் வந்து சேர்ந்தவர். நாற்காலி கிடைத்த பிறகு அவர் கால் நனைந்த ஒரே இடம் வீட்டுக் குளியலறை. மேசைமேல், வந்த கடிதங்களுக்கும் போகவேண்டிய கடிதங்களுக்கும் நடுவே, ஒரு பிளாஸ்டிக் தொட்டி இருந்தது. தொட்டிக்குள் ஒரு ஆமை, இரண்டு விரல் உயரத் தண்ணீரில், யாருக்கும் முகம் கொடுக்காமல் கிடந்தது.

“மீன் வலையில மாட்டிச்சு. பசங்க திருப்பி விடப் போனாங்க. நான்தான் நிறுத்துனேன். இந்த விளிம்பைப் பாருங்க மேடம். இடப்பக்கம் ரெண்டு, வலப்பக்கம் ஒண்ணு. ரம்பம் வெச்ச மாதிரி இல்ல? உலகத்துல எந்த ஆமைக்கும் இப்படிக் கிடையாது. இது புது இனம்!”

அவள் குனிந்து பார்த்தாள். புது இனமாவது! மாமியார்.

ஆமைகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துத் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. ஓட்டின் விளிம்பில் சின்னச் சின்னத் தகடுகள் வரிசையாக இருக்கும். அவற்றில் அரத்தால் சின்னதாக வெட்டு போடுவார்கள்; எந்தத் தகட்டில் வெட்டு இருக்கிறதோ அதை வைத்து அந்த ஆமைக்கு ஒரு எண். நகத்தைத் தேய்க்கிற மாதிரிதான், வலிக்காது. ஆமை பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. ஆனால் அந்த ஆய்வகத்தில் ஆமை பார்த்தவர் ஒரே ஒருவர். அவர் இப்போது சுவரில், சந்தனமாலைக்குள் இருந்தார்.

ஆனால் வெட்டு போட அவருக்குக் கை வந்ததில்லை. “வலிக்காதுன்னு தெரியும் டாக்டரம்மா. ஆனா அது என்னையே பாக்குதே” என்று அரத்தோடு நடுங்கிக்கொண்டு நிற்பார். கடைசியில் அவளே ஒரு விடுமுறை நாளில், பல்செட் தேய்க்கிற அரத்தை எடுத்துக்கொண்டு குவாரிக்குப் போனாள். வேலையைத் தொடங்குவதற்குள் அந்த ஆமை அவருடைய கட்டைவிரலைக் கவ்விக்கொண்டது. என்ன செய்தும் விடவில்லை.

“உங்க அம்மாவேதான்! பிடிச்சா விடமாட்டேங்குது பாரு” என்று அவர் குதித்தார்.

“எங்க அம்மாவை ஏன் இழுக்கிறீங்க? புஸ்ஸுன்னு ஒரு மூச்சு விட்டுட்டு மூஞ்சியைத் திருப்பிக்குது. இது உங்க அம்மா.”

அன்றிலிருந்து அதற்கு மாமியார் என்று பெயர். அது யாருடைய மாமியார் என்பதில் மட்டும் கடைசி வரைக்கும் அவர்களுக்குள் ஒத்துப்போகவில்லை.

“இதுக்கு உங்க சார் பேரையே வெக்கப் போறோம். எதிர்பார்க்கலைல்ல?” என்றார் இயக்குநர்.

வெட்டு நாங்கள் போட்டது என்று சொல்ல வாயெடுத்தவளுக்கு, அந்த ஒரு வாக்கியத்தில் வாய் அடைத்துவிட்டது. வாழ்நாள் முழுக்கச் சேற்றில் நின்றவர். ஒரு ஜோடி பூட்ஸ் தரும் அளவுக்குக்கூட யாரும் மதிக்காதவர். அவர் பெயர் இனிமேல் புத்தகங்களில் இருக்கும், எவன் எந்த தேசத்தில் அந்த ஆமையைப் பற்றிப் பேசினாலும் அவர் பெயரைச் சொல்லித்தான் ஆகவேண்டும். அவள் கண் கலங்கியது. இயக்குநர் திருப்தியாகத் தலையாட்டினார். நன்றிக் கண்ணீர் என்று நினைத்திருப்பார். புது உயிருக்குத் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது இந்தத் தொழிலில் அசிங்கம். ஆனால் இன்னொருவர் பெயரை வைத்தால், அதற்குப் பின்னாலேயே, வைத்தவர் பெயரும் ஒட்டிக்கொண்டு உலகம் உள்ளவரை போகும். செத்தவர் தோளில் ஏறிக்கொள்ள இதைவிடக் கௌரவமான வழி இல்லை.

அவள் வீட்டுக்கு வந்தாள். வருவதற்கு முன்பே சேதி வந்திருந்தது. தொலைபேசியில் நாத்தனார்.

“அண்ணி! அண்ணன் பேரை ஆமைக்கு வெக்கிறாங்களாமே! எங்க வீட்டுக்காரரு சொந்தக்காரங்க எத்தனை பேரு எங்க அண்ணனைச் சேத்துல நிக்கிறவன்னு பேசுனாங்க. எல்லாரையும் அந்தப் பேரு வெக்கிற விழாவுக்குக் கூட்டிட்டு வர்றேன். முன்வரிசையில உக்கார வெக்கிறேன். பாக்கட்டும்!”

“சரிம்மா” என்றாள். வேறென்ன சொல்வது? ஒரு பொய், அதுவும் தான் சொல்லாத பொய். யாருக்கு நஷ்டம்? அன்று இரவு வெகுநாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள்.

மறுநாள் பிற்பகல் தவளைக்காரி அவளுடைய மருத்துவமனைக்கு வந்தாள். ஆய்வகத்தில் தவளைகளைப் பார்க்கிற சின்னப் பெண், ஒப்பந்த வேலை. அவர்மேல் பிரியம் உள்ளவள். பல்லைக் காட்ட வந்தவள் மாதிரி நாற்காலியில் ஏறிப் படுத்துக்கொண்டு, மேலே விளக்கைப் பார்த்தபடியே கேட்டாள்.

“அக்கா, அந்த வெட்டு... அது சார் போட்டதுதானே?”

“நான் போட்டது.”

“அய்யோ.” தவளைக்காரி எழுந்து உட்கார்ந்தாள். “எனக்கு அப்பவே சந்தேகம். ஆனா நான் எப்படிச் சொல்லுவேன்? இயக்குநர் தப்புன்னு சொன்ன அடுத்த நிமிஷம் என் ஒப்பந்தம் தவளை மாதிரித் தாவிடும். நீங்களாவது சொல்லுங்கக்கா.”

“எதுக்குச் சொல்லணும்? இருந்துட்டுப் போகட்டுமே. அவருக்கு இதுவரைக்கும் யாரு என்ன செஞ்சாங்க?”

“இருந்துட்டுப் போகாதுக்கா. புது இனம்னா சாட்சிக்கு ஒரு உடம்பு வேணும். நாளைக்குச் சாயங்காலம் அதைக் கொன்னு ஸ்பிரிட் பாட்டில்ல போடப்போறாங்க. பாட்டில்கூட வந்தாச்சு. சார் பேரு எழுதி ஒட்டியிருக்கு.”

வருடக்கணக்கில் ஆமைகளோடு கிடந்தவர் ஒரு உயிரைப் பாட்டிலில் போட்டதில்லை. அதற்காகவே பதவி உயர்வு தள்ளித் தள்ளிப் போனது. “பாட்டில்ல போட்டா அது ஆமை இல்ல, ஊறுகா” என்பார். இப்போது அவர் பெயரிலேயே ஊறுகாய்.

தவளைக்காரி போன பிறகு இயக்குநரைக் கூப்பிட்டாள். கூட்டத்தில் இருக்கிறார் என்றார்கள். மறுபடி கூப்பிட்டாள். அவரே எடுத்தார். “சார், அந்த ஆமையோட ஓட்டுல...” என்று தொடங்கினாள். “ஆமா மேடம், அந்த ஓடு! அற்புதம்!” என்று அவர் பிடித்துக்கொண்டார். அழைப்பிதழ், மேடை, வரப்போகிற மந்திரி, பூட்ஸ் போட்டுக்கொண்டு தான் நிற்கப்போகிற புகைப்படம் என்று ஒரு மூச்சு பேசினார். இடையில் ஒரு ஊசிகூட நுழையாது. “நாளைக்குக் காலையில உங்களைத்தான் பார்க்க வரணும் மேடம். கடைவாய்ப்பல் உயிரை எடுக்குது. மேடையில பேசணும் பாருங்க” என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவள் நோயாளிகளின் முன்பதிவு ஏட்டைப் பிரித்தாள். பிறகு மறுநாள் காலை முதல் நேரத்தை அவருக்கு ஒதுக்கினாள்.

காலையில் இயக்குநர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். நாற்காலியில் படுக்கும்வரை பேசினார். படுத்த பிறகும் பேசினார். மரத்துப்போக ஊசி போட்டாள். ஈறோரம் பஞ்சு வைத்தாள். வாய் மூடாமலிருக்க ரப்பர் கட்டையைச் செருகினாள். எச்சில் உறிஞ்சும் குழாயை உதட்டோரம் மாட்டினாள். பல்லைக் குடைந்து திறந்தாள். அறையில் குழாயின் களகள சத்தம் மட்டும். இயக்குநரைச் சந்தித்த இத்தனை வருடங்களில் அவர் பேசாமல் இருந்ததை அவள் பார்ப்பது இதுதான் முதல்முறை.

“சார், கொஞ்சம் ஆமையைப் பத்திப் பேசலாமா?”

“ஆங்” என்றார் உற்சாகமாக.

அவள் இழுப்பறையிலிருந்து, யாரோ அளவு கொடுத்துவிட்டு வாங்க வராமல் போன ஒரு பல்செட்டின் தகட்டையும் ஒரு சின்ன அரத்தையும் எடுத்தாள். அவர் கண்ணுக்கு நேராக வைத்துத் தேய்த்தாள். கர், கர். இடப்பக்கம் ஒன்று. பக்கத்தில் இன்னொன்று. தகட்டைத் திருப்பி வலப்பக்கம் ஒன்று. இளஞ்சிவப்புத் தூள் அவருடைய கழுத்துத்துணியில் உதிர்ந்தது. ஊதிவிட்டு, விளக்கில் காட்டினாள்.

“இதுவும் புது இனமா சார்?”

இயக்குநரின் கண்கள் தகட்டிலிருந்து அரத்துக்கும், அரத்திலிருந்து அவள் முகத்துக்கும் போய்வந்தன. எழுந்திருக்கப் பார்த்தார்.

“அசையாதீங்க, பல்லு திறந்திருக்கு. அது அடையாள வெட்டு சார். ஆமைக்கு எண் போடுறது. என் கையால போட்டேன், இதே அரத்தால. அந்தக் குவாரியில இன்னும் நிறைய ஆமைக்குப் போட்டிருக்கேன், ஒவ்வொண்ணுக்கும் வேற வேற இடத்துல. எல்லாத்தையும் பிடிச்சீங்கன்னா ஒரே குளத்துல ஒரு உலகமே கண்டுபிடிக்கலாம்.”

“ஆ... ஆஆ... ஆங்...”

“விழாவுல மனைவின்னு என்னையும் ரெண்டு வார்த்தை பேசச் சொல்லியிருக்கீங்க. இதைத்தான் பேசணும்னா பேசுறேன். மந்திரி இருப்பாரு. இல்ல, ஆமையை இன்னைக்கே என்கிட்ட கொடுத்துட்டீங்கன்னா அவரு நல்ல மனுஷன்னு மட்டும் சொல்லிட்டு உக்காந்துடுறேன்.”

தன் கணவரின் பெயரை அவளே, அவள் கையாலேயே, அழித்துக்கொண்டிருந்தாள். இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மெல்லத் தலையை ஆட்டினார். அவள் பல்லைக் கவனமாக, ஒரு குறையும் வைக்காமல் செய்துமுடித்தாள். அதில் அவளுக்குப் பாரபட்சம் கிடையாது.

மதியத்துக்குள் தவளைக்காரி, இயக்குநர் கொடுத்தனுப்பிய தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் காத்திருந்தாள். குவாரிக் கரையில் தவளைக்காரியிடம் தொட்டியை வாங்கி, மாமியாரைத் தூக்கி, விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். வெட்டின் கூர்மை வருடங்களில் மழுங்கி வழவழத்திருந்தது. மாமியார் புஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டது. நாணலுக்குள் இறங்கிப் போயே போய்விட்டது. ஒரு நன்றி இல்லை, ஒரு திரும்பிப் பார்த்தல் இல்லை.

விழா நடந்தது. இயக்குநர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, ஈரமே இல்லாத புல்தரையில் புகைப்படத்துக்கு நின்றார். ‘கடுமையான மறுபரிசீலனைக்குப் பிறகு’ புது இன அறிவிப்பு ஒத்திவைக்கப்படுவதாகவும், மறைந்தவரின் ‘ஓட்டு அடையாள முறை’ ஆய்வகத்தின் பெருமை என்றும், அந்த முறையைத் தான் ஆரம்பத்திலிருந்தே ஊக்குவித்ததாகவும் மேடையில் சொன்னார். மந்திரி கைதட்டினார். வலைகளும் வாளிகளும் வைக்கிற அறைக்கு மறைந்தவர் பெயர் சூட்டப்பட்டது. அவள் எழுந்து, அவர் நல்ல மனுஷன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

முன்வரிசையில் நாத்தனாருக்கு முகம் விழுந்துவிட்டது. சுற்றிலும் அவள் கூட்டிவந்திருந்த கணவன் வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அப்ப ஆமைக்கு அண்ணன் பேரு இல்லையா அண்ணி?” என்று நாத்தனார் கிசுகிசுத்தாள்.

“இல்லம்மா. அதுக்கு ஏற்கெனவே ஒரு பேரு இருக்கு. உங்க அண்ணன் வெச்சது.”

“என்ன பேரு?”

“மாமியார்.”

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். தன் தாயை நினைத்திருக்க வேண்டும். புருவம் மெல்ல உயர்ந்தது.

“யாரோட மாமியார்?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு சேர்ந்து, அடக்கி வைத்திருந்ததெல்லாம் வந்தது.

“அதை உங்க அண்ணன்கிட்டதான் கேக்கணும்” என்றாள்.