மதகு நோக்கிய திசை

கார்காலம் கடைமடை வரை நனைத்துவிட்டுப் போன பின், உத்திரமேரூருக்கு அப்பால் மானாம்பதி ஏரி கரைதொட்டு நிறைந்து, மேலை வானின் மங்கிய ஒளியை ஏந்திக் கிடக்க, மதகின் வழியே இறங்கிய நீர் கீழ்த்திசை வயல்களுக்குள் ஓசையின்றிப் பரவிக்கொண்டிருந்தது. நாற்று நட்ட பெண்கள் சேறு கழுவிக் கரையேறி வீடு திரும்பும் அவ்வேளையில், மதகின் கல்மேடையில் இருவர் அமர்ந்திருந்ததையும், அவர்களுக்கிடையே பழுப்பேறிய தாள் ஒன்று விரிந்து கிடந்ததையும் கற்றறிந்தோர் மனக்கண்ணால் காண்பாராக.

அவருள் முதியவர் அருள்தாஸ். கையகல நிலமும் இல்லாத கூலிக் குடியில் பிறந்து, வயிற்றுக்காக இந்தியப் படையில் சேர்ந்து, முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன் ஈழத்துக்கு அனுப்பப்பட்டவர். வன்னிக் காட்டுக் குளம் ஒன்றின் அருகே, பதுங்குகுழிகளும் கண்ணிவெடிகளும் இருந்த இடங்களைத் படைத்தலைவன் ஆணைப்படி அவர் கையால் படமாக வரைந்துகொண்டிருந்த மழைநாளில், இருபுறத்துக் குண்டுகளுக்கும் நடுவே சிக்கி ஓர் இளைஞன் விழுந்தான். வீழ்த்தியது தம் குண்டோ பிறர் குண்டோ, அருள்தாஸ் இன்றளவும் அறியார். அறியாமையே அவரை அரித்துத் தின்றது. அவனை அங்கிருந்த கிணறு ஒன்றிலிருந்து குளக்கரைப் பக்கமாகத் தாமே புதைத்து, படத்தில் சிறு சிலுவையிட்டு, ‘கிணற்றிலிருந்து கிழக்கே அறுபது தப்படி’ என்றெழுதி, அவன் சட்டைப்பையிலிருந்த பெயர்ச்சீட்டையும் எடுத்துவைத்தார். மறுநாளே படை இடம்பெயர்ந்ததால் படம் அவரிடமே தங்கிவிட்டது.

சென்ற ஆண்டு அவர் மகள் சுகிர்தா, காணாமற்போனோரைத் தேடும் குழுவொன்றின் வழியே இளைஞனின் வீட்டாரைக் கண்டறிந்து, படத்தின் நகலை அனுப்பினாள். குளக்கரை போரில் உடைந்து காடேறிப் போயிருந்ததால், எஞ்சி நின்ற கிணற்றிலிருந்து கிழக்கே அளந்து மூன்று நாள் தோண்டினார்கள். ஓர் எலும்பும் கிட்டவில்லை. இப்போது எதிரே அமர்ந்திருப்பவள் அவ்விளைஞனின் தங்கை தேவயானி. இப்படம் மெய்யா, மனச்சுமையை இறக்கிவைக்க ஒரு கிழவர் கட்டிய கதையா என்று கேட்டறியவே கடல் கடந்து வந்திருந்தாள். பொய்யென்று எண்ணி அவள் எழுந்து போய்விட்டால், அக்களத்தில் தாம் செய்த ஒரே நற்செயலும் மண்ணாகிவிடுமே என்று முதியவர் உள்ளம் பதறினார்.

வரைந்த ஒவ்வொன்றையும் விரல்வைத்து விளக்கினார். அவள் நம்பவுமில்லை, மறுக்கவுமில்லை. நீரையே பார்த்திருந்தவள், இவ்வூர்த் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறதென்று வினவினாள். கிழக்கே, இந்நாட்டு ஏரிகளெல்லாம் அப்படித்தான் என்றார் அவர்.

“எங்கட குளத்துத் தண்ணி வடக்காலதான் போறது, ஐயா.”

அருள்தாஸின் விரல் படத்தின்மேல் அப்படியே நின்றுவிட்டது. மேற்கே உயர்ந்து கிழக்கே சரியும் நாட்டில் பிறந்து, நீர் இறங்கும் பக்கம் கரை கட்டுவதால், கரை இருக்கும் பக்கமே கிழக்கென்று சிறுவயது முதல் பழகியவர் அவர். அன்று கதிரவனை முகில் மறைத்திருந்தது. திசைகாட்டியோ தலைவனிடம் இருந்தது. கரையைக் கண்டதும் கை தானாகவே கிழக்கென்று எழுதிவிட்டது.

“கரை கெயக்கால தான் கீதுன்னு நானா நெனச்சிக்கினேம்மா,” என்றார். “பொய் எயுதல. தப்பா எயுதிட்டேன்.”

தாளைக் கால்வட்டம் திருப்பிவைத்து, கிணற்றுக்கு வடக்கே அறுபது தப்படியில் என்ன இருக்கிறதென்று கேட்டார். வடக்கே திரும்பிய சிலுவையைத் தேவயானி விரலால் தொட்டாள்.

“அதில இப்ப ஒரு வேம்பு நிக்குது. தோண்டின மூண்டு நாளும் அம்மா அதுக்குக் கீழதான் பாய் போட்டு இருந்தவ.”

அந்தத் தாய் சென்ற தை மாதம், மகன் கிடைக்கவில்லையே என்று சொல்லிச் சொல்லியே கண்மூடிவிட்டாள். மகனுக்கு மேலேயே பாய் விரித்தமர்ந்து, தள்ளிக் குழி தோண்டுவோரையே அவள் பார்த்திருந்தாள். தேவயானி இப்போது படத்தை நம்பினாள். அந்நம்பிக்கை முதியவருக்கு ஆறுதலாக இல்லை. தாளை மடித்து அவள் கையில் கொடுத்துவிட்டு, முகத்தைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார். தன் ஊரின் சரிவையே உலகின் சரிவென்று கொள்ளும் பிழை எவர்க்கும் எளிது. அதன் துயரைச் சுமப்போரோ வேறெங்கோ இருக்கிறார்கள். மதகு நீர் அவ்விருவர் காலடியில் கிழக்கு நோக்கியே போய்க்கொண்டிருந்தது.