நாற்பத்திரண்டு துடிப்பு

1

இந்தக் கதை ஒரு பேருந்தைத் தவறவிட்டதில் பிறந்தது. பேருந்தைக் கண்டேன். ஓர் அடிகூட இன்னும் எடுத்து வைக்கவில்லை. நெஞ்சு அதற்குள் ஓடத் தொடங்கிவிட்டது. அதற்கு யார் சொன்னது?

நூல்களைப் புரட்டினேன். மூளையிலிருந்து இதயத்துக்கு இரண்டு நரம்பு வழிகள். ஒன்று இழுத்துப் பிடிக்கும், மற்றது விரட்டும். ஓடுவது என்று மூளை தீர்மானித்த கணமே பிடி தளர்கிறது. விரட்டல் அதற்குப் பிறகுதான். இதைக் கட்டுரையாக எழுதிப் பார்த்தேன். சரிவரவில்லை. ஓடுவதற்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது.

2

முதல் தொடக்கம்: குளத்தூர்ச் சாலையில் செம்புழுதி கிளம்ப –

வேண்டாம். புழுதியைப் பலர் கிளப்பிவிட்டார்கள்.

இரண்டாவது: 1938. பிச்சை தபால் ரன்னர். தோளில் பை, கையில் சலங்கை கட்டிய ஈட்டி, நாளுக்குப் பன்னிரண்டு மைல் ஓட்டம், பதினெட்டு வருடம். இன்று டாக்டர் உடல்தகுதிச் சான்று எழுதினால் வேலை உண்டு. இல்லையென்றால் இன்றோடு சரி. ஆசுபத்திரியில் டாக்டர் ஆத்மநாதன் அவன் நாடியைப் பிடித்து எண்ணினார். எழுபதாவது இருக்க வேண்டிய நிமிடத்துக்கு நாற்பத்திரண்டு.

"இந்த நாடிக்கு நீ கட்டில்ல கெடக்கணும்ப்பா. ஓடிக்கிட்டுத் திரியிற."

"வீட்டுல கட்டிலு ஏதுங்கய்யா."

நர்சு சந்தனமேரி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "ஓடவிட்டுப் பாப்பமா டாக்டரய்யா? நோவுன்னா நாடி ஏறாதுல்ல."

3

(இங்கே சந்தனமேரியைச் சந்தேகித்தேன். நர்சு டாக்டருக்கு வழி சொல்வாளா? அவள் பேச்சை அடித்துவிட்டேன். கதை அசையவில்லை. திரும்ப எழுதினேன்.)

டாக்டர் ஓடச் சொன்னார். பிச்சை நகரவில்லை.

"பையும் ஈட்டியும் இல்லாம ஓடத் தெரியாதுங்க. வெறுங்கையோட ஓடினா களவாணின்னு நெனைப்பாக."

சந்தனமேரி தலையணை உறையில் அழுக்குத் துணிகளைத் திணித்து அவன் தோளில் ஏற்றினாள். வாசலில் சாத்தியிருந்த ஈட்டியை எடுத்து வந்து கொடுத்தாள். ஈட்டி பிடிக்காத கையின் மணிக்கட்டை டாக்டர் விடவில்லை. சலங்கை ஒரு தரம் குலுங்கியது.

"எண்பது," என்றார் டாக்டர். "இன்னும் ஒரு அடிகூட வைக்கலையே."

"அவுக மனசு வாசலைத் தாண்டிருச்சு," என்றாள் சந்தனமேரி.*

* நோயால் தளர்ந்த இதயம் பெரும்பாலும் இப்படித் துள்ளாது. பதினெட்டு வருட ஓட்டம் இழுத்துப் பிடிக்கும் வழியை வலுவாக்கியிருந்தது. அதனால்தான் நாற்பத்திரண்டு. என் ஆத்மநாதனுக்கு அது தோன்றவில்லை. எனக்கு அது தெரிந்த அன்று சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

4

குளக்கரைவரை ஓடித் திரும்பினான். நூற்றைம்பது.

முதல் முடிவு: நாடி இறங்கவில்லை. பிச்சை சுவரோரம் சரிந்து –

இல்லை. அது எழுதுகிறவனின் சோம்பல்.

இரண்டாம் முடிவு: டாக்டர் அவனைக் கட்டித் தழுவி –

பொய்.

மூன்றாவது: சந்தனமேரி கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். அரை நிமிடத்தில் நூற்று முப்பது. ஒரு நிமிடத்தில் நூற்றுப் பத்து. இரண்டில் தொண்ணூறு. பிடி திரும்பிக்கொண்டிருந்தது.

"எழுதுங்க டாக்டரய்யா. ஏறுனதும் பாத்தீக, எறங்குனதும் பாத்தீக."

"நாளைக்கு வழியில விழுந்தான்னா என் கையெழுத்துல்ல நிக்கும்?"

"இன்னைக்கே வேலைய நிறுத்திட்டா மட்டும் நான் விழாம நிப்பேனாங்கய்யா?" என்றான் பிச்சை.

டாக்டர் எழுதினார்: பிச்சை, தபால் ரன்னர், வயது முப்பத்தெட்டு. இதயம் –

பேனா நின்றது. டாக்டரின் நாடி அப்போது எவ்வளவு என்று யாரும் எண்ணவில்லை.

அடுத்த சொல்லை நான் எழுதப்போவதில்லை. எண்கள் அத்தனையும் உங்களிடம் இருக்கின்றன. டாக்டர் கையிலிருந்து பேனாவை வாங்குங்கள். மை காய்கிறது.