கண்ணாடிப் பெட்டிக்குள் முக்காலி

நூற்றிருபது நாற்காலிகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு கருத்துத் தாள், ஒரு பென்சில். வெர்னா முதல் வரிசையிலிருந்து வைத்துக்கொண்டே வந்தாள். குனிந்து நிமிரும்போதெல்லாம் இடது முழங்கால் சுருக்கென்றது. வெளியே நாட்டிங்ஹாம் மழை காலையிலிருந்தே விடவில்லை.

"என்னம்மா வெர்னா, கலைத் துறையில சமத்துவம்னு கூட்டமாமே இன்னைக்கு? நமக்கு சாப்பாடு மிஞ்சுமா?" என்றான் வாசல் காவலாளி டெரிக்.

"முட்டை வச்ச ரொட்டி மிஞ்சும். அதத்தான் எவனும் தொடமாட்டான்."

"அப்போ சமத்துவம் முட்டையில இருக்குன்னு சொல்லு."

வெர்னா சிரித்துக்கொண்டே கடைசி வரிசைக்குப் போனாள். அந்தக் கலைக்கூடத்தில் அவளுக்கு இது பத்தொன்பதாவது வருஷம். காட்சி அறைகளில் நின்று, படங்களை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்வது வேலை. ஆள் அனுப்பும் கம்பெனி ஒன்றின் வழியாக வந்தவள். எந்த நாள், எத்தனை மணி என்று வாரா வாரம் போனில் வரும். வரவில்லையென்றால் வேலை இல்லை, அவ்வளவுதான். ஓய்வூதியம் தொடங்க இன்னும் மூன்று வருஷம் இருந்தது. இந்த முழங்காலை வைத்துக்கொண்டு அறுபத்து நாலு வயதில் வேறு எவனும் தன்னை எடுக்கமாட்டான் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

பத்து மணிக்கு இமோஜென் வந்தாள். கலைக்கூடம் எல்லோரையும் சமமாக நடத்துகிறதா என்று மதிப்பிட, வசந்த காலத்தில் மூன்று மாதம் இங்கேயே அலைந்தவள். அதைப் பற்றி ஊர் ஊராகப் பேசுவதும் இளம் இயக்குநர்களுக்கு வகுப்பெடுப்பதும் அவள் தொழில். வெர்னாவைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வெர்னா! இன்னைக்குத்தான் அறிக்கை வெளியாகுது. நான் பேசுறத நீங்க கட்டாயம் கேக்கணும்."

வெர்னாவுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. ஏப்ரலில் இவள் டீயும் பிஸ்கட்டும் வைத்து, "உங்க பேரு எங்கயும் வராது, சத்தியம்" என்று சொல்லி உட்காரவைத்துக் கேட்டாள். பத்தொன்பது வருஷத்தில் அப்படி உட்காரவைத்துக் கேட்ட முதல் ஆள் அவள்தான். வெர்னா மனதில் கிடந்ததையெல்லாம் கொட்டியிருந்தாள்.

கூட்டம் நிரம்பியது. வெர்னா பின்சுவரை ஒட்டி நின்றாள். இமோஜென் நன்றாகவே பேசினாள். அளவிடுவது எண்களை எண்ணுவது அல்ல, கேட்பது என்றாள். தலைமை என்பது கேட்டதைத் தாங்கிக்கொள்வது என்றாள். "இப்போ ஒரே ஒரு குரல்" என்று நிறுத்தினாள். அவளுக்குப் பின்னாலிருந்த திரையில் இந்த வரிகள் வந்தன:

"உழைக்கும் பெண்கள் கண்காட்சியில ஆலைக்காரி உக்காந்த முக்காலிய கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருக்காங்க. அதுக்குக் காவலா நான் ஏழு மணி நேரம் நிக்கிறேன். எங்க முக்காலிய மூணு வருஷம் முன்னாடி எடுத்துட்டாங்க, பாக்க நல்லா இல்லையாம். எடுக்கச் சொன்ன இயக்குநரம்மாவுக்கு என் பேரு தெரியாது."

அதன் கீழே, சின்ன எழுத்தில்: காட்சி அறைப் பணியாளர், கறுப்பினப் பெண், பத்தொன்பது ஆண்டு அனுபவம்.

பெயர் இல்லைதான். வெர்னாவின் கை தானாக நெஞ்சில் தொங்கிய பெயரட்டையை மூடியது. வாசலில் டெரிக் தலையைக் குனிந்துகொண்டான். இரண்டாவது வரிசையில் இருந்த இயக்குநர் பிலிப்பா மெல்லத் திரும்பினாள். அவள் கண் கூட்டத்தில் யாரையும் தேடவில்லை, நேராகப் பின்சுவருக்கு வந்தது. அதற்குள் கைதட்டல் தொடங்கி, சிலர் எழுந்தே நின்று தட்டினார்கள்.

இடைவேளையில் பிலிப்பா அவளிடம் வந்தாள். பெயரட்டையை ஒரு கணம் பார்த்தாள்.

"வெர்னா, மனசத் தொட்டுட்டீங்க. உங்களுக்குக் கால் வலின்னு எங்களுக்குத் தெரியாமப் போச்சே! இப்பவே கம்பெனிக்குச் சொல்லிடுறேன். நீங்க இனிமே நிக்க வேண்டாம்."

"நிப்பேன்மா. எனக்கு ஒண்ணுமில்ல. முக்காலி இருந்தாப் போதும்."

"உடம்பப் பாத்துக்கோங்க" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

வெர்னா நேராக மேடைக்கு நடந்தாள். இமோஜென் மத்தியான வகுப்புக்காகத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"பேரு வராதுன்னு சொன்னீங்களே."

"வரலையே, வெர்னா! எப்படிப்பட்டவங்க குரல்னு தெரியணும், அதனால இனமும் வருஷமும் மட்டும்தான் போட்டேன். எல்லா அறிக்கையிலயும் அப்படித்தான் போடுவோம்."

"இங்க காட்சி அறையில கறுப்புப் பொம்பளைங்க எத்தனை பேருன்னு நினைச்சீங்க?"

இமோஜென் கையிலிருந்த தாள்களைக் கீழே வைத்தாள்.

"ஐயோ" என்றாள். "நான்... நான் எண்ணிப் பாக்கல."

"நான் ஒருத்திதான்."

"நான் அவங்ககிட்ட பேசுறேன். வகுப்பு முடிஞ்ச உடனே. கண்டிப்பா பேசுறேன்." வகுப்புக்கு ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். அவள் அவசரமாக எடுத்த தாள்கள் தரையில் சிதறின. பழக்கதோஷம், வெர்னாவே குனிந்து பொறுக்கிக் கொடுத்தாள்.

மூன்று மணிக்குப் போன் அதிர்ந்தது. அடுத்த வாரத்துப் பட்டியலில் திங்கள் முதல் ஞாயிறு வரை எல்லாக் கட்டமும் காலி. அதற்கடுத்த வாரமும் அப்படியே. ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: உங்கள் உடல்நலம் கருதி. வெர்னா போனை அணைத்து, திரும்பப் போட்டுப் பார்த்தாள். காலியாகவே இருந்தது.

டெரிக் இரண்டு முட்டை ரொட்டிகளைக் காகிதக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்து நீட்டினான்.

அன்றைய வேலை ஐந்து மணி வரை. கருத்துத் தாள்களைத் திரட்ட வேண்டியவளும் அவள்தான். முதல் வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தாள். நான்காவது வரிசையில் ஒரு தாளில் அழகான கையெழுத்து. எல்லாக் கேள்விக்கும் ஐந்துக்கு ஐந்து போட்டிருந்தது. கடைசிக் கேள்வி, எதை மேம்படுத்தலாம் என்பது. அதற்குக் கீழே எழுதியிருந்தது:

"அந்த முக்காலிப் பெண்மணியின் சொற்கள் என்னை அழவைத்துவிட்டன. அவரையும் இன்று அழைத்திருக்கலாம்."

வெர்னா அதை மற்ற தாள்களோடு சேர்த்து, ஓரம் தட்டி அடுக்கினாள். பிறகு அடுத்த நாற்காலிக்குக் குனிந்தாள்.