கண்ணுச்சாமியின் நாக்கு

பழங்காநத்தம் ஜட்கா ஸ்டாண்டில் கண்ணுச்சாமியின் நாக்குக்கு இருந்த மரியாதை அவன் முகத்துக்குக் கிடையாது. முகம் என்னவோ சிடுமூஞ்சிதான். ஆனால் யார் கொள்ளு வாங்கினாலும் முதல் பிடியை அவனிடம்தான் கொண்டு வந்து நீட்டுவார்கள். வாயில் போட்டு மென்று, "நனைஞ்ச கொள்ளுடா, வயித்துக்கு ஆகாது" என்று அவன் துப்பிவிட்டால் மூட்டை கடைக்கே திரும்பிவிடும். விழுங்கினால் குதிரைக்குப் போகும். தான் தின்னாததைக் குதிரைக்கு வைப்பதில்லை, அது அவன் போட்டுக்கொண்ட சட்டம். அவனுடைய குதிரை பவுனு பன்னிரண்டு வருஷத்தில் ஒருநாள்கூட வயிற்றுக் கோளாறென்று படுத்ததில்லை. வேறென்ன சாட்சி வேண்டும்?

எண்பத்து மூன்றாம் வருஷ ஐப்பசி மழை அப்படியொரு மழை. வீட்டிலிருந்த கொள்ளு மூட்டை பூசணம் பூத்துவிட்டது. கடைக் கொள்ளும் அதே லட்சணம். நாலு கடையில் மென்றான், நாலிலும் துப்பினான். கடைசியில் மனைவி முத்துத்தாயைக் கூட்டிக்கொண்டு, கம்பெனித் தீவனம் விற்கிற கடைக்குப் போனான்.

குதிரைக்கென்று தனியாக எதுவும் வருவதில்லை என்றார் கடைக்காரர். மாட்டுப் படம் போட்ட சாக்கில் கைவிட்டு ஒரு பிடி எடுத்து மென்றான். கசந்தது, துப்பினான். அடுத்த சாக்கில் கோழிப் படம். உள்ளே மக்காச்சோளமும் கருவாட்டுத் தூளும் கலந்து, லேசாக இனித்துக்கொண்டு, அடடா, பசித்த மனுஷனே ஒரு கிண்ணம் தின்றுவிடலாம்.

"இதான் புள்ள, எடு."

"கோழிப் படமுல்ல போட்டிருக்கு," என்றாள் முத்துத்தாய். "இங்கிலீசுல வேற பொடிப் பொடியா என்னமோ எழுதியிருக்கு. யாரையாச்சும் வாசிக்கச் சொல்லுவமே."

"படத்தையா திங்கப் போகுது? நாந்தான் தின்னு பாத்துட்டேன்ல. பேசாம வா."

அவள் பேசாமல் வந்தாள். வழியில் ஸ்டாண்டில் வண்டிக்கார ஜெயக்கொடி சாக்கைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, கோழி வளக்கப் போறீகளா?" என்று கிண்டலடித்தான். "வாயில போட்டுப் பாரு மாப்ள, அப்பறம் சிரி," என்றான் கண்ணுச்சாமி. அவன் சொன்னால் போதாதா? நாலு வண்டிக்காரர்கள் சேர்ந்து மறுநாளே ஒரு சாக்கு வாங்குவதென்று முடிவாயிற்று.

அன்று சாயங்காலம் இரண்டு படித் தீவனத்தையும் பவுனு ஒட்ட நக்கித் தின்றது. கண்ணுச்சாமிக்கு மனசு நிறைந்து போனது.

விடிந்து பார்த்தால் அதன் உடம்பெல்லாம் வேர்வை. அந்த மழைக் குளிரில் வேர்வை! பின்னங்கால்கள் பின்னிக்கொண்டன. தண்ணீர் காட்டினால் முகத்தைத் திருப்பியது. பத்து மணிக்கெல்லாம் சரிந்து படுத்துவிட்டது. அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முத்துத்தாய்தான் ஓடிப்போய் மாட்டு டாக்டரை அழைத்து வந்தாள்.

டாக்டர் பவுனுவின் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார். "என்ன தீனி வச்ச?" என்றார். சாக்கைத் தூக்கி வந்து காட்டினான். அந்தப் பொடி எழுத்தை அவர் வாசிக்க வாசிக்க முகம் மாறியது.

"கோழிக்கு ரத்தக் கழிச்சல் வராம இருக்க மருந்து கலந்திருக்காங்க. கோழி தாங்கும். குதிரைக்கு அது விஷம், நெஞ்சையே அடிச்சிரும். குதிரைக்குக் குடுக்காதேன்னு இதுல போட்டே இருக்கேய்யா."

"நான் தின்னு பாத்தேன் சார்! எனக்கு ஒண்ணும் செய்யலயே!"

"நீ ஒரு பிடி மென்ன. அது ரெண்டு படி தின்னிருக்கு. இந்த மருந்து நாக்குல எல்லாம் தெரியாதுப்பா." ஊசி ஒன்று போட்டார். ஆனால் நம்பிக்கையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கண்ணுச்சாமி தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அப்போதுதான் ஸ்டாண்டு ஞாபகம் வந்தது. மணி பன்னிரண்டாகப் போகிறது, குதிரைகளுக்குத் தீனி வைக்கிற நேரம். பவுனு பெரிய கண்ணைத் திறந்து அவனையே பார்த்துக்கொண்டு கிடந்தது.

"இந்தா வந்துர்றேன் தாயி," என்று அதன் நெற்றியைத் தடவிவிட்டு ஓடினான்.

ஸ்டாண்டில் நாலு குதிரைகளின் கழுத்திலும் தீனிப் பை தொங்கியது. ஒன்றையும் கேட்காமல் பைகளைப் பிடுங்கிச் சாக்கடையில் கொட்டினான். கோபத்தில் ஜெயக்கொடி அவன் சட்டையைப் பிடித்துவிட்டான்.

"கிறுக்குப் பிடிச்சிருச்சா? இப்பத்தான ரெண்டு வாய் தின்னுச்சு! நீதானண்ணே நல்லாருக்குன்ன!"

"என் நாக்குல இடி விழுக! விஷம்டா மாப்ள! என் பவுனு கெடக்குதுடா!"

ஜெயக்கொடி பிடித்த சட்டையை விட்டான். எல்லோரும் வண்டிகளை அப்படியே போட்டுவிட்டு, குதிரைகளை நடத்திக்கொண்டு டாக்டரைத் தேடிப் போனார்கள். இரண்டு மூன்று வாயோடு போனதால் அந்த நாலும் பிழைத்தன.

அவன் வீடு திரும்பியபோது பவுனுவின் தலையை முத்துத்தாய் மடியில் வைத்திருந்தாள். ஈ மொய்த்தது. அவள் விரட்டவில்லை.

'அப்பவே சொன்னேனே' என்று அவள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவள் கேட்கவில்லை.

"நீ போனதுலருந்து வாசப்பக்கமே பாத்துக்கிட்டு இருந்துச்சுய்யா," என்றாள். "கொஞ்ச முன்னாலதான் போச்சு."

தை பிறந்து புதுக் கொள்ளு வந்தது. ஜெயக்கொடி பழைய வழக்கப்படி ஒரு பிடி அள்ளி வந்து, "பாத்துச் சொல்லுங்கண்ணே," என்று நீட்டினான். மனசாரத்தான் நீட்டினான். கண்ணுச்சாமி வாங்கி வாயில் போட்டான். மென்றான். நன்றாகக் காய்ந்த கொள்ளு, மொறுமொறுவென்று இருந்தது. சுற்றி நின்றவர்கள் அவன் தொண்டையையே பார்த்தார்கள்.

விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. கண்ணீர் மட்டும் பொலபொலவென்று கொட்டியது.

"எனக்குத் தெரியலடா மாப்ள," என்றான்.