வலைப்பைத் தடம்

சுவேதினி மிஸ்ஸைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பல்கலைக்கழகத்தில் கடலைப் பற்றிப் படிப்பிக்கிறவர், தன் மாணவி டிலோஜினியோடு எங்கள் ஊரான மறிச்சுக்கட்டிக்கு, கடலில் முழுகிக் கடலட்டை எண்ண வந்திருந்தார். அவர் கொடுக்கும் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் எங்கள் கடலை மூடுவதா, விடுவதா என்று மீன்பிடிக் கந்தோர் அதிகாரிகள் முடிவெடுப்பார்கள். அட்டை குறைவென்று மூடினால், அதற்கு முழுகிப் பிழைக்கும் பதினெட்டுக் குடும்பமும் நானாட்டானில் வயல் கூலிக்குத்தான் போகவேண்டும்.

என் படகில்தான் போனார்கள். காலை பத்து மணிக்கு இரண்டு பேரும் சோடியாக இறங்கி, இரும்புக் கம்பி அடித்து, நீளமாக நாடாவை விரித்து, அதன் இருபக்கமும் கண்டதைச் சிலேட்டில் குறித்துக்கொண்டு மேலே வந்தார்கள். நாலே நாலு அட்டை!

“வெயில் ஏறினா அட்டை மணலுக்குள்ள பூந்திடும் மிஸ். பொழுதுபட இறங்கிப் பாருங்கோ.”

“எல்லா இடத்திலயும் பத்து மணிக்குத்தான் எண்ணினனாங்கள். உங்களுக்காக மாத்தேலாது, நிப்ராஸ்.”

“அப்ப பொய்க்கணக்குத்தான் எழுதப்போறீங்கள்!”

“நீங்கள் படகைப் பாருங்கோ. எண்ணுறது என்ர வேலை.”

என்ன திமிர்! பதினாறு வயதிலிருந்து அந்த மணலைத் தடவுகிறவன் நான். மறுநாளும் அதே இடத்தில்தான் எண்ணுவதாக இருந்தது. விடியத் தனியே போய்க் கரையோரக் கடற்புல்லுக்குள் முப்பது அட்டை பொறுக்கி, வலைப்பையில் அமுக்கிக் கட்டினேன். ஒன்பது மணிக்கு அவற்றை மிஸ்ஸின் கம்பிகளுக்கிடையே பரப்பிவிட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி அவர்களை ஏற்றப் போனேன்.

அன்றும் பத்து மணிக்கு இறங்கினார்கள். அரை மணியில் மேலே வந்த மிஸ், கையிலிருந்த அட்டையை என் முகத்துக்கு நேரே நீட்டினார். அதன் தோலில் வலைப்பை கண்ணி கண்ணியாகப் பதிந்திருந்தது.

“வெட்கமா இல்லையா உங்களுக்கு? நேற்றுப் பொழுதுபட நாங்கள் வேறொரு படகில வந்து இறங்கினனாங்கள். உங்களிட்டக் கேக்க எனக்கு மனமில்லை.”

சிலேட்டைத் திருப்பினார். நேற்றுக் காலை நாலு, மாலை முப்பத்தாறு.

“பாத்தீங்களா? நான் சொன்னனான்தானே!” என்று கத்திவிட்டேன்.

“சரியாத்தான் சொன்னீங்கள். ஆனா இண்டைக்கு நீங்கள் கொண்டுவந்து போட்டதையும் நான் எழுதத்தான் வேணும். எழுதினா, இந்த முப்பத்தாறும் நீங்கள் போட்டதெண்டுதான் கந்தோரில சொல்லுவினம்.”

“நேற்றுப் பின்னேரம் நான் இந்தப் பக்கமே வரேல்ல மிஸ். வல்லாஹி!”

“எனக்குத் தெரியும், நேற்றையதில இந்தத் தடமில்லை. கந்தோர்க்காரருக்கு எப்பிடிக் காட்டுறது?”

மிஸ் பென்சிலை எடுத்து முப்பத்தாறின் மேல் குறுக்கே கோடு இழுத்தார்.

“நாலையும் வெட்டுங்கோ மிஸ்,” என்று கெஞ்சினேன்.

“நாலை ஆர் சந்தேகப்படப் போயினம்? கரைக்கு விடுங்கோ.”