எட்டு லட்சம் பார்வைகள்

வெந்நீர் ஹீட்டர் தயாரிக்கும் கம்பெனியில் விளம்பரம் செய்வது அவள் வேலை. அடியில் நீல விளக்கு எரியும் புதிய மாடல் ஒன்றில் மின்கசிவு இருப்பது தெரியவந்ததும், 'உடனே அணையுங்கள், இலவசமாக மாற்றித் தருகிறோம்' என்று சிவப்பு எழுத்தில் விளம்பரம் தயார் செய்து இணையத்தில் விட்டிருந்தாள்.

"எட்டு லட்சம் பேர் பாத்தாச்சு. இனி நிம்மதி," என்றார் மேனேஜர்.

"பாத்தாங்களா சார், இல்ல அவங்க போன்ல வந்துச்சா?"

"ரெண்டும் ஒண்ணுதாம்மா."

அவளுக்கு மனசு ஒப்பவில்லை. கேட்டுத்தான் பார்ப்போமே என்று அக்காவைக் கூப்பிட்டாள்.

"சிவப்பு எழுத்துல ஹீட்டர் விளம்பரம் ஏதாவது கண்ணுல பட்டுச்சாக்கா?"

"வந்திருக்கும். யாருடி படிக்கிறா? மூடுற பெருக்கல் குறி எங்க இருக்குன்னு தேடவே நேரம் சரியா இருக்கு. நேத்து அதை அமுக்கப் போயி செருப்புக் கடைக்குள்ள விழுந்தேன்."

"உங்க வீட்டுல என்ன ஹீட்டர்?"

"உங்க கம்பெனிதான். போன மாசம் மாமா வாங்கி மாட்டினார்."

"அடியில நீல விளக்கு எரியுமா?"

"ஆமா, அழகா இருக்கும்."

அவள் எழுந்துவிட்டாள். "இப்ப எரியுதா?"

"எரியும். மாமா குளிச்சிட்டிருக்கார்."

"அக்கா, மெயின் சுவிட்சை அணை! பாத்ரூம் பக்கம் போகாதே. ஓடு!"

போன் கீழே விழுந்தது. ஓடும் காலடிச் சத்தம். பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேனேஜர் அறையிலிருந்து வெளியே வந்து நின்றார்.

"எவன்டா கரண்டை நிறுத்தினது? கண்ணெல்லாம் சோப்பு!"

மாமாவின் குரல். அவள் பொத்தென்று உட்கார்ந்தாள்.

அக்கா மூச்சிரைக்கப் போனை எடுத்தாள். "குழாயைத் தொட்டா சுர்ருங்குதுன்னு ரெண்டு நாளா சொன்னார்டி. உங்களுக்கு எதைத் தொட்டாலும் சுர்ருதான்னு நான்..." மேலே பேச முடியாமல் அழுதாள்.

அவள் மேனேஜரைப் பார்த்தாள். "வாரண்டிக்குப் பதிஞ்சவங்க நம்பர் நம்மகிட்ட இருக்கு சார். ஒவ்வொருத்தரா கூப்பிடணும்."

"எத்தனை பேரு?"

"நாலாயிரத்துச் சொச்சம்."

அவர் வாதாடவில்லை. கேன்டீன்காரர் வரை எல்லாரையும் கூப்பிட்டு அந்த எண்கள் அச்சிட்ட தாளை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். தானும் ஒன்றை எடுத்துக்கொண்டார்.

அவள் கூப்பிட்ட முதல் ஆள், "விளம்பரமா? வேணாம்," என்று வைத்துவிட்டார். மறுபடி அடித்தாள். வைத்தார். மூன்றாம் முறை அவர் எடுத்ததுமே, "உங்க ஹீட்டர்ல ஷாக் அடிக்கும்!" என்று கத்தினாள்.

"குழந்தை குளிக்க இப்பத்தான் ஹீட்டரைப் போட்டேன்," என்றார் அவர்.

"அணைங்க. நான் லைன்லயே இருக்கேன்."

சுவிட்ச் தட்டும் சத்தம் கேட்டது. அந்த எண்ணுக்கு நேரே ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்ததை அழுத்தினாள்.